எருத்தேம்பதியிலிருந்து காசிக்குக் கார்ல: ரெண்டு பெரியவங்களோட போறமுங்க, வழி சொல்லுங்க

எருத்தேம்பதி_தோப்பு

வணக்கமுங்க. எங்கம்மாவுக்கு 68 வயசு, மாமியாருக்கு 64. காசி பாத்துரோணும்னு ரெண்டு பேரும் ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்காங்க. தேங்கா வெட்டு, தண்ணி முறை, பொண்ணு பரீட்சைன்னு தள்ளிட்டே வந்தாச்சு. இந்தத் தடவை தள்ளறதில்லைன்னு முடிவு. கார்லயே போறமுங்க.

வண்டி 2019 எர்டிகா, பெட்ரோல், கேஎல் 70. ஓட்டறதுக்கு நானும் மச்சானும். கூட சம்சாரம், மூணாங்கிளாஸ் படிக்கற பொண்ணு, பெரியவங்க ரெண்டு பேரு. மொத்தம் ஆறு டிக்கெட். மாமியாருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடறாங்க.

மேப்புல பாத்தா ஒரு பக்கம் சுமார் 2,200 கிலோமீட்டர். சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரேவா, அப்புறம் காசி. பூராவும் நாலு வழி ரோடு, ஆளுக்கு நாலு மணி நேரம் மாத்தி மாத்தி மிதிச்சா மூணாம் நாள் கங்கையில குளிச்சரலாம்ங்கறான் மச்சான். எனக்கு வயித்தக் கலக்குது. பெங்களூருக்குள்ள நுழையாம போக வழி இருக்குதுங்களா? எந்த மாசம் நல்லது? போய் வந்தவங்க சொல்லுங்க.

கம்பம்மெட்டு_பழைய_லாரி

தம்பி, மூணாம் நாள் கங்கையில குளிக்கலாம். யாரை யாரு குளிப்பாட்டுறதுங்கிறதுதான் கேள்வி.

ஏலக்காயும் மிளகும் ஏத்திக்கிட்டு நாக்பூர், கான்பூர்னு ஓடுன ஆளு நானு. இப்ப ஓட்டுறதில்ல, முட்டி போச்சு. அந்த ரோட்டுக்கு அப்பப் பேரு என்எச் 7. காசியில ஆரம்பிச்சுக் கன்னியாகுமரியில முடியும், 2,369 கிலோமீட்டர், ஒரே நம்பர். 2010-ல நம்பர எல்லாம் மாத்திப்புட்டாக. இப்ப சேலத்துல இருந்து லக்னாதோன் வரைக்கும் 44, அங்கிருந்து ஜபல்பூருக்கு 34, அதுக்கு மேல ரேவாவுக்கு 30னு துண்டு துண்டாக் கெடக்கு. போர்டு பாத்துத் திகைக்காதீக, ரோடு அதே ரோடுதான்.

லாரிக்காரன் ராத்திரி ஓட்டுறானேன்னு நீங்க ஓட்டக் கூடாது. அவனுக்குப் பகல்ல கால நீட்டிப் படுக்க கேபின்ல எடம் இருக்கு, மறுநாள் கோயில் கியூவுல நிக்கிற வேலையும் இல்ல. வெயில் தாழ்ந்ததும் ரூமப் பாத்து ஒதுங்கிருங்க. ராத்திரி ரோட்டுல உங்களுக்கு எதிரி வேகமா வர்ற வண்டி இல்ல தம்பி. நிக்கிற வண்டி. பிரேக் டவுன் ஆன டாரஸ் லாரி, பின்னாடி ஒரு வெளக்கு இருக்காது, ரெண்டு கல்லும் ஒரு மரக்கொப்பும் வச்சுட்டு டிரைவர் அடியில படுத்துக் கெடப்பான். நம்ம ஹெட்லைட்டுல கல்லு தெரியிறப்ப மிதிக்க நேரம் இருக்காது. மத்தியப் பிரதேசத்துல மாடு வேற, ரோட்டுச் சூட்டுக்கு வந்து நடுவுல படுத்துக்கும். கரும்பு ஏத்துன டிராக்டரு ராங் சைடுல வரும்.

ஒரு நாளைக்கு 400. மிஞ்சிப்போனா 450. அதுக்கு மேல ஓட்டுனா பெரியவுகளுக்கு ஊரு தெரியாது, இடுப்பு வலிதான் தெரியும்.

பாலக்காடு_பாசஞ்சர்

நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்றேன், கோபிக்க வேண்டாம். எர்ணாகுளம்–பாட்னா ரயில் பாலக்காடு வழியாத்தான் போகுது. தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன்ல, அதாவது பழைய முகல்சராய்ல, இறங்கினா கங்கைக்கு அந்தப் பக்கம் காசி. ஏசி பெட்டி, கக்கூஸ் பத்தடியில. அங்கே போய் வாடகைக்கு வண்டி எடுத்துக்குங்க. ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை, இன்சுலின்... இத்தனையும் வெச்சுக்கிட்டு நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் காரில் போறது பக்தியா, இல்லை மச்சானோட ஆசையா?

எருத்தேம்பதி_தோப்பு

மச்சான் ஆசைதானுங்க, மறைக்கறதுக்கென்ன. ஆனா அம்மாவும் ரயில் வேண்டாங்கறாங்க. ராத்திரியில பெட்டி மாறி இறங்கறது, சக்கர நாற்காலிக்குக் காத்திருக்கறது, மேல் பெர்த்து. அவுங்களுக்கு வேண்டிய எடத்துல நிறுத்தச் சொல்லலாம்ங்கறதுதான் கார்ல இருக்கற சொகமாம். "ரயில்ல நாம போறதில்ல, அது நம்மளக் கொண்டுட்டுப் போவுது"ங்கறாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்றதுங்க.

சித்தூர்_மாங்கா

அண்ணா, பெங்களூரு வேணான்னா எங்க ஊர் வழியா வாங்க. கிருஷ்ணகிரியில வலது பக்கம் திரும்பி வாணியம்பாடி, வேலூர், காட்பாடி, சித்தூர். அங்கிருந்து என்எச் 40: பீலேரு, ராயசோட்டி, கடப்பா, மைதுகூரு, ஆள்ளகட்டா, நந்தியால், கர்னூல். கர்னூல்ல 44-ஐப் பிடிச்சுக்கலாம். ஒரு சிக்னல் தொல்லை கிடையாது. ஆள்ளகட்டாவுல திரும்புனா அகோபிலம். கடப்பாவுக்கு முன்னாடி குவ்வலசெருவுல பால்கோவா. ரோட்டோரமா வரிசையாக் கடைங்க, பெரிய இரும்புச் சட்டியில கிண்டிக்கினே இருப்பாங்க, ஓரத்துல ஒட்டிக்கினு பழுப்பாகுது பாருங்க, அதைச் சுரண்டிப் போடச் சொல்லிக் கேளுங்க. போடுவாங்க.

நாங்க இங்க தமிழும் தெலுங்கும் கலந்துகட்டிப் பேசறவங்க. வழியில எதுன்னாலும் ஒரு வார்த்தை போடுங்க, ஃபோன்லயே தெலுங்கு பேசி விடறேன்.

எருத்தேம்பதி_தோப்பு

எங்க தாலுக்காவும் சித்தூர்தானுங்க! பாலக்காட்டுச் சித்தூர். பார்சல் ஒண்ணு போன மாசம் உங்க ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. உங்க வழி நல்லாத்தான் தெரியுது, மாமியாருக்கு அகோபிலம்னதும் கண்ணு விரிஞ்சிருச்சு.

கம்பம்மெட்டு_பழைய_லாரி

சித்தூர்த் தம்பி சொல்ற வழி ஓடுன வழிதான். ரெண்டு விசயம் விட்டுட்டாரு. ராயசோட்டிப் பக்கம் பெரும்பாலும் ரெண்டு வழி ரோடு, எதிர்ல பஸ்ஸு ஏறி வரும். பால்கோவா விக்கிற அதே குவ்வலசெருவுதான் அந்த ரோட்டுலயே மோசமான மலை எறக்கம். அதுபோக தூரமும் கூட. நந்தியால் பக்கம் ரோடு நல்லாத்தான் இருக்கு, இல்லைங்கல.

பெங்களூருக்கு ஏன் இம்புட்டுப் பயம்? நேரம் பாத்துப் போனா அதுவும் ஒரு ஊருதான். மொத நாள் ஓசூர்ல தங்குங்க. உங்க ஊர்ல இருந்து வேலந்தாவளம், கே.ஜி. சாவடி, மதுக்கரை பைபாஸ், நீலாம்பூர், அவிநாசி, பெருந்துறை, சங்ககிரி, சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி. காலையில டீ குடிச்சிட்டுக் கெளம்புனா சாயங்காலம் ஓசூர். மதுக்கரை பைபாஸ் மட்டும் ரெண்டு வழி, முந்தாதீக. மறுநாள் ஞாயித்துக்கெழமையா வர்ற மாதிரி வச்சுக்கங்க. அஞ்சு மணிக்குக் கெளம்புனா சில்க் போர்டு காலியாக் கெடக்கும், ஹெப்பாள் தாண்டி சிக்கபள்ளாப்பூர்ல இட்லி திங்கலாம். அன்னிக்கே கர்னூல். அதுக்கு அங்கிட்டு ஹைதராபாத்துக்குள்ள நுழையவே வேணாம், சம்ஷாபாத்துல அவுட்டர் ரிங் ரோட்டுல ஏறி மேட்சல் பக்கம் எறங்கிருங்க.

சித்தூர்_மாங்கா

ஒத்துக்கறேன் தாத்தா. ஆனா திரும்பி வரும்போதாவது எங்க ஊர் வழி வரணும். பால்கோவா என் செலவு.

வேலந்தாவளம்_ஒர்க்‌ஷாப்

வழியெல்லாம் அப்புறம். வண்டியப் பத்தி யாருமே கேக்கலையே. 2019 வண்டின்னா டயர் கம்பெனியில வந்ததேதானா? சைடுல நாலு நம்பர் இருக்கும் பாருங்க. 3519-னு இருந்தா 2019-ல 35-வது வாரம் செஞ்சது. டயர் மேல தேயாத பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி, அந்த டயர்ல நாக்பூர் வெயில்ல சிமெண்டு ரோட்டுல ஆறு பேரை ஏத்திட்டுப் போகக் கூடாது. மாத்துங்க. ஸ்டெப்னியோட நம்பரையும் பாருங்க, அதை எல்லாரும் மறந்துருவாங்க. காத்து காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் சூடாகறதுக்குள்ள பிடிக்கோணும். டிரைவர் கதவு பக்கத்துல ஸ்டிக்கர்ல ஆள் நெறையறப்ப எவ்வளவுன்னு தனியாப் போட்டிருக்கும், அதான் கணக்கு. ஓடிக்கிட்டிருக்கறப்ப கூடிருச்சேன்னு காத்தை இறக்காதீங்க.

அடுத்தது லக்கேஜ். எர்டிகாவுல மூணாவது சீட்டு நிமித்தி வெச்சா டிக்கியில 209 லிட்டர்தான். ரெண்டு பேக்கு வெச்சா கதவு மூடாது. நீங்க ஆறு பேருதானே? மூணாவது சீட்டு ரெண்டு துண்டாப் பிரியும், ஒரு பாதியை மடிச்சுப் போட்டுருங்க, அங்க நாலு பேக்கு நிக்கும். மிச்சப் பாதியில மச்சானை உக்கார வெய்யுங்க, ரெண்டு நாள்ல வேகப் பேச்சு தன்னால அடங்கிரும். மேல கேரியர் போடாதீங்க, காத்துல சத்தமும் வரும், மைலேஜும் போகும்.

கூலண்ட், பிரேக் பேடு, பேட்டரி, வைப்பர், பெல்ட் பாத்துட்டு, சர்வீஸ் முடிஞ்ச கையோட கெளம்பிராதீங்க. ஒரு நூறு இருநூறு கிலோமீட்டர் உள்ளூர்ல ஓட்டிப் பாத்துட்டுப் போங்க. எதாச்சும் லூசா மாட்டியிருந்தா இங்கயே தெரிஞ்சுரும்.

களியக்காவிளை_கடக்காரன்

லேய் மக்கா, ஃபாஸ்டேக் காரியம் ஒருத்தரும் சொல்லேல்லியே. 2025 ஆகஸ்ட் 15 முதல்க்கு வருசாந்திர பாஸ் உண்டு. தொடங்குனப்பம் 3,000 ரூவா. 200 தடவ இல்லைன்னா ஒரு வருசம், எது முந்துதோ அது. சொந்தக் காருக்கு மட்டும்தான், டாக்ஸிக்குக் கிடையாது. ராஜ்மார்க்யாத்ரா ஆப்புல போய் உங்க டேக்குக்கே போடலாம், புதுசு ஒட்டாண்டாம். ஆனா டேக்குல வண்டி நம்பருக்குப் பதிலா சேஸிஸ் நம்பர் கிடந்தா எடுக்காது, முதல்ல அத மாத்தணும்.

ஒரு காரியம் பாத்துக்கிடணும். தேசிய நெடுஞ்சாலை டோலுக்குத்தான் இந்தப் பாஸ். ஹைதராபாத் ரிங் ரோடு, பெங்களூர் நைஸ் ரோடு மாதிரி எடத்துல டேக்குல பைசா கிடக்கணும். பாஸ் இருக்கேன்னு பேலன்ஸ் போடாம போனா அங்க நின்னு முழிக்கணும். போறதுக்கும் வாறதுக்கும் சேத்தாலும் 200 தீராது, மிச்சத்துக்குப் பிள்ளைய கூட்டிட்டு எங்க ஊர்ப்பக்கம் வாங்க.

பிறகு 1033 நம்பரை ஃபோன்ல போட்டு வையிங்க. ஹைவேல வண்டி நின்னா அதுல கூப்பிடலாம். ஆபத்துன்னா 112.

ஓய்வு_தமிழாசிரியை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். எருத்தேம்பதித் தம்பி, நீங்கள் என் மாணவராகக்கூட இருக்கலாம். வண்டி, டோல் பற்றி எனக்குத் தெரியாது. நாள் பற்றிச் சொல்கிறேன்.

மார்கழி, தை இரண்டு மாதமும் வேண்டாம். கங்கைச் சமவெளியில் மூடுபனி. காலை பத்து மணி வரை எதிரே வருவது லாரியா சுவரா என்று தெரியாது. தை மாசியில் பிரயாகையில் மாக மேளாவும் நடக்கும், அது மகாசிவராத்திரியோடு முடியும். கும்பமேளா வருடமென்றால் கேட்கவே வேண்டாம். 2025 பிப்ரவரியில் ரேவா, கட்னி, ஜபல்பூர் வரை வண்டிகளை நிறுத்திவைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சிவராத்திரிக்குக் காசி தாங்காது. ஹோலியன்று உத்தரப் பிரதேசத்துச் சாலையில் வெளியூர் வண்டியோடு இருக்கவும் கூடாது. சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசி, ஹோலி அடுத்த பௌர்ணமி. நடுவில் பதினைந்து நாள். அதற்குள் போய்ச் சேர்ந்து, ஹோலிக்கு முன்பு நர்மதைக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். பங்குனி பிறந்தால் நாக்பூர் வெயில் பெரியவர்களைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. உங்கள் அம்மா ராமேசுவரம் மண் பற்றி ஏதும் சொல்லவில்லையா?

எருத்தேம்பதி_தோப்பு

டீச்சர், நேத்து ராத்திரிதானுங்க அந்தப் பேச்சு வந்துச்சு! ராமேஸ்வரத்துல மண்ணெடுத்துட்டுப் போய்ப் பிரயாகையில கரைச்சு, அங்கிருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்து ராமநாதருக்கு ஊத்துனாத்தான் காசி யாத்திரை முடிஞ்சதா அர்த்தம்ங்கறாங்க அம்மா. அப்படின்னா பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம்னு தெக்க நானூறு கிலோமீட்டர் போயிட்டுத்தான் வடக்க திரும்பவே முடியும். மச்சான் தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டான். அதோட கயாவும் வேணுமாம், அப்பாவுக்குப் பிண்டம் போடறதுக்கு.

ஓய்வு_தமிழாசிரியை

ஒரே ஓட்டமாகப் போக வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு மாதம் முன்பே தனியாக ராமேசுவரம் போய்க் கடலாடி, மண் எடுத்துவந்து பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள். காசியிலிருந்து வந்தபிறகு ஓய்வெடுத்துவிட்டு, கங்கை நீரோடு மறுபடி ராமேசுவரம். இப்படித்தான் பல குடும்பங்களில் செய்கிறார்கள். வண்டியும் அந்தச் சாக்கில் ஒரு நெடும்பயணம் ஓடிப் பார்த்தது போல ஆகும், ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுக்கும் பொருந்தும்.

கயாவை விடாதீர்கள். காசியிலிருந்து என்எச் 19-ல் டோபி போய்த் திரும்ப வேண்டும், 250 கிலோமீட்டர் சுமாருக்கு. போய் ஒரு ராத்திரி, வந்து ஒரு ராத்திரி. அப்பாவுக்காகப் போகிற இடத்தில் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கக் கூடாது.

கம்பம்மெட்டு_பழைய_லாரி

டீச்சரம்மா சொன்னதுக்கு மேல பேச்சில்ல. பிரயாகைக்கு மொதல்ல போறதுனால ரோடும் சுளுவு. ரேவாவுல இருந்து நேர வடக்க, சாக்காட் தாண்டிப் பிரயாக், 130 கிலோமீட்டர். மண்ணக் கரைச்சுட்டு என்எச் 19 பிடிச்சா காசி 120 சொச்சம்.

ஆனா அந்த ரேவா–பிரயாக் ரோட்டுல சோகாகி மலை எறக்கம் ஒண்ணு இருக்கு. நான் சொல்ற மூணு எறக்கத்த எழுதி வச்சுக்கங்க. போகையில சோகாகி. சிவனிக்குத் தெக்க குராய். திரும்பி வர்றப்ப தர்மபுரி தாண்டித் தொப்பூர். மூணுலயும் ஒரே தப்பத்தான் எல்லாரும் பண்றாக: பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டுறது, இல்ல நாலாவது அஞ்சாவது கியர்ல பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குறது. பேடு சூடேறி வாடை வரும், அதுக்கப்பறம் பெடலு பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. எறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூணாவது போட்டுக்கங்க, தேவைப்பட்டா ரெண்டு. எஞ்சின் உறுமட்டும், அது உறுமறதுதான் வண்டியப் பிடிக்கிறது. பிரேக்க அப்பப்ப மிதிச்சு விடுங்க, மிதிச்சபடியே இருக்காதீக. முன்னாடி கண்டெய்னர் போனா அதை முந்தாதீக, அதுக்கு முன்னாடியும் போகாதீக. பிரேக் போன லாரிக்கு முன்னாடி இருக்கிறவன்தான் அதுக்குத் தடுப்பு.

பாலக்காடு_பாசஞ்சர்

இதையெல்லாம் படிச்சப்புறமும் கார்தானா?

எருத்தேம்பதி_தோப்பு

இதையெல்லாம் படிச்சதாலதானுங்க தைரியம் வந்துச்சு.

வாளையார்_நர்ஸ்

மாமியாருக்கு இன்சுலின்னு சொன்னீங்களே, அதைப் பத்தி. திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அதனால ரூம்ல ஃபிரிட்ஜ் இருக்கான்னு கேட்டு புக் பண்ணுங்க. ஆனா ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது, ஐஸ் மேலே நேரா வைக்கவும் கூடாது, உறைஞ்சா வேஸ்ட். போட்டுக்கிட்டிருக்கிற பேனா வெளியிலே இருக்கலாம், பொதுவா நாலு வாரம் தாங்கும், அட்டையிலே பாத்துக்குங்க. ஆனா பூட்டின காருக்குள்ளே, டேஷ்போர்டுலே விட்டுட்டுக் கோயிலுக்குப் போயிடாதீங்க. பிரிச்சு ரெண்டு இடத்துலே வையுங்க: பாதி அவங்க கைப்பையிலே, பாதி உங்க சம்சாரம்கிட்ட.

அதைவிட முக்கியம் சாப்பாட்டு நேரம். ஊசி போட்டுட்டு "இன்னும் நாப்பது கிலோமீட்டர்லே நல்ல ஓட்டல் வருது"ன்னு ஓட்டினா சர்க்கரை இறங்கிடும். தட்டு முன்னாலே வந்தப்புறம் ஊசி. கையிலே குளுக்கோஸ், பிஸ்கட், ஒரு வாழைப்பழம் எப்பவும். திடீர்னு வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சுன்னா வண்டியை ஓரம் கட்டி முதல்லே சர்க்கரை குடுங்க. எப்பவும் போடற டாக்டர்கிட்ட ஒருமுறை காட்டி, மருந்துச் சீட்டோட நகலும் வாங்கிக்குங்க.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் இறங்கி நடக்கணும். பெரியவங்க "எனக்கு வேண்டாம்"னு சொல்லுவாங்க. பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருப்பாங்க, அதை நம்பாதீங்க, பாட்டில் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாருங்க. எண்ணெய்க் கம்பெனி நேரா நடத்தற பெரிய பங்க்கா பாத்து நிறுத்தினா பாத்ரூம் ஓரளவு சுத்தமா இருக்கும்.

சித்தூர்_மாங்கா

கக்கூஸ் பேச்சு முடிஞ்சதா, சாப்பாடு பேசலாமா? ஹைதராபாத் தாண்டி நிர்மல், ஆதிலாபாத் வரைக்கும் இட்லி தோசை கிடைக்கும். பென்கங்கா பாலம் தாண்டினா மகாராஷ்டிரா, அங்கிருந்து காலையில போஹா, நம்ம அவல் உப்புமா மாதிரி. நாக்பூர்ல தர்ரி போஹான்னு கொண்டைக்கடலைக் குழம்பு ஊத்தித் தருவாங்க, காரம் நம்மளையே அழ வைக்கும், பெரியவங்களுக்கு "தர்ரி வேணாம்"னு சொல்லிடுங்க. ஜபல்பூர் பக்கம் போஹாவும் ஜிலேபியும் ஒண்ணாத் தின்பாங்க.

எருத்தேம்பதி_தோப்பு

மாமியார் அதுக்கெல்லாம் அசர மாட்டாங்க. சின்ன ரைஸ் குக்கர், பொன்னியரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்கா ஊறுகா, எல்லாம் லிஸ்ட் போட்டாச்சு. ராத்திரிச் சாப்பாடு ரூம்லயே. தாபாவுல தயிரும் வெறுஞ்சோறும் வாங்குனாப் போதும்ங்கறாங்க.

கம்பம்மெட்டு_பழைய_லாரி

ஓட்டுறதப் பத்தியே பேசிக்கிட்டிருக்கம். புள்ள ஒண்ணு வருதே, அதுக்கு என்ன காட்டப் போறீக? கர்னூல் தாண்டித் துங்கபத்திரைப் பாலம் ஏறுனதும் வலது பக்கம் ஆலம்பூர், ஜோகுளாம்பா கோயிலு. ரோட்டுல இருந்து பக்கந்தான், பழைய சாளுக்கியக் கோயிலுக வரிசையா நிக்கும், கூட்டம் இருக்காது. நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டுல ரோட்டைத் தூக்கிப் பாலமாக் கட்டியிருக்கான், அடியில புலி போறதுக்கு. நாங்க ஓட்டுன காலத்துல அதே காட்டுல ராத்திரி மானு குறுக்க விழும். இப்ப மேல நாம, கீழ அது. புள்ளைகிட்டச் சொல்லுங்க, நம்ம வண்டிக்கு அடியில புலி நடந்துக்கிட்டிருக்குன்னு. தூங்காம எட்டிப் பாக்கும்.

ஜபல்பூர்ல ஒரு முழுநாள் இருங்க. பேடாகாட்ல நர்மதை வெள்ளப் பளிங்குப் பாறைக்கு நடுவுல போகுது, படகு விடுவாக. பக்கத்துல தூவாந்தார் அருவி. ஜபல்பூர் தாண்டி கட்னிக்குப் போறதுக்குள்ள கடக ரேகையத் தாண்டுவீக, மூணாங்கிளாஸ் புள்ளைக்கு அது வேணும். அதே வழியில ஸ்லீமனாபாத்னு ஊரு வரும். தக்கர்னு வழிப்போக்கர்களோட கூட்டாளி மாதிரிச் சேந்து, கர்ச்சீப்பால கழுத்த நெரிக்கிற கூட்டத்த ஒடுக்குன ஸ்லீமன்னு வெள்ளக்காரத் துரை பேர்ல வந்த ஊரு. இந்தக் கதையப் பெரியவுகளுக்குச் சொல்லாதீக, அப்பறம் தாபாவுல பக்கத்து டேபிள்காரன் சிரிச்சாக்கூட சந்தேகப்படுவாக.

களியக்காவிளை_கடக்காரன்

தாத்தா, இப்பம் மச்சானை எல்லாரும் சந்தேகமாப் பாக்காங்க.

ஓய்வு_தமிழாசிரியை

காசியில் தங்குவதற்கு: கேதார கட்டம், அனுமான் கட்டம் பக்கம் தமிழ் காதில் விழும். குமரகுருபரர் நிறுவிய மடம் கேதார கட்டத்தில் இருக்கிறது. பாரதி இளவயதில் இருந்தது அனுமான் கட்டத்தில். நகரத்தார் சத்திரமும் உண்டு. சத்திரமோ மடமோ, முன்கூட்டிக் கேட்டு இடம் உறுதி செய்யுங்கள். ஆனால் இந்தச் சந்துகளுக்குள் கார் நுழையாது. காரை வெளியே நிறுத்தும் வசதியுள்ள விடுதியில் தங்கி, ஈ-ரிக்‌ஷாவில் போய்வருவது முட்டிவலிக்காரர்களுக்கு நல்லது. படித்துறையில் படி செங்குத்து. பெரியவர்களைப் படகில் ஏற்றிவிட்டால் எல்லாக் கட்டமும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

எருத்தேம்பதி_தோப்பு

எல்லாம் எழுதி வெச்சு நேத்து வீட்டுல உக்காந்து பேசி முடிச்சாச்சுங்க. தையில ராமேஸ்வரம் தனியா. மாசி சிவராத்திரிக்கு மறுநாள் இங்கிருந்து கெளம்பறது ஞாயித்துக்கெழமைக் கணக்குக்கு ஒத்து வரல, அதனால முந்துன சனிக்கெழமை கெளம்பறோம். ஓசூர், கர்னூல், நிர்மல், நாக்பூர், ஜபல்பூர் ரெண்டு ராத்திரி, ரேவா, அப்புறம் பிரயாகை. நாங்க பிரயாகை சேர்றதுக்குள்ள சிவராத்திரிக் கூட்டம் கலைஞ்சிரும். காசி, கயா, மறுபடி காசி. ஹோலிக்கு முன்னாடி சிவனி தாண்டிரோணும். டயர் நாலும் புதுசு, ஸ்டெப்னியும். வரும்போது கடப்பா வழி, பகல்ல மட்டும்.

மச்சான் ஒரே ஒரு கண்டிசன் போட்டான்: ஹைதராபாத் ரிங் ரோட்டுல அவன்தான் ஓட்டுவானாம். அங்க 120 வரைக்கும் போலாமாம்.

கம்பம்மெட்டு_பழைய_லாரி

போகலாம்னு போர்டு இருக்கு. போகணும்னு இல்ல. அம்மாவ முன்சீட்டுல உக்கார வையுங்க, மீட்டரு அவுக பாத்துக்குவாக.

வேலந்தாவளம்_ஒர்க்‌ஷாப்

ஒண்ணு விட்டுப் போச்சு. கங்கைத் தண்ணி எதுல கொண்டாருவீங்க? கேன்ல கொண்டாந்து டிக்கியில சிந்துச்சுன்னா கார்ப்பெட்டு நாறிரும், மூணு மாசம் வாடை போகாது.

ஓய்வு_தமிழாசிரியை

வாயை ஈயம் வைத்து அடைத்த செப்புச் சொம்பு காசியிலேயே விற்கிறார்கள். சிந்தாது. வாங்கும்போது கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.

எருத்தேம்பதி_தோப்பு

சொந்தக்காரங்க, தோப்பு ஆளுங்க, பக்கத்து வீடுன்னு அம்மா இப்பவே எண்ணிட்டிருக்காங்க. இருபத்தெட்டு சொம்பு வேணுமாம். மடிச்சு வெச்ச அந்த அரைச் சீட்டு பத்துங்களா?

வேலந்தாவளம்_ஒர்க்‌ஷாப்

சின்னச் சொம்பா வாங்கச் சொல்லுங்க. பேக்கு மேல வைக்காம சீட்டுக்கு அடியில துணி சுத்தி அடுக்குங்க. வெயிட்டு கீழ இருக்கட்டும்.